பொன்மொழிக்குக் கீழே இருக்கும் பெயர்

வேலூர்க்காரர் யாருக்கும் இந்த வரி தெரியாமல் இருக்காது: தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரமில்லாத மலை. வெளியூரில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் போதும், நம்மாட்கள் ஊர்ப் பெயரைச் சொன்ன கையோடு இதையும் எடுத்துவிடுவார்கள். சொல்பவரைப் பொறுத்து இன்னும் இரண்டு மூன்று சேரும் (பெண்களைக் குத்திப் பேசும் ஒரு வரியும் உண்டு, அதை எழுத எனக்கு மனசில்லை). யார் சொன்னது இது என்று கேட்டால் ஒருத்தர் வெள்ளைக்கார கலெக்டர் என்பார், இன்னொருத்தர் ஏதோ ஒரு புலவர் என்பார்.

சொன்னவர் பெயர் கிடக்கட்டும். வரியை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், தன் வயதை அதுவே சொல்லும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல தலைமுறைகளாக மூலவர் கிடையாது. சத்துவாச்சாரியில் வைத்து வணங்கிவந்த லிங்கத்தை 1981 மார்ச்சில்தான் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். இப்போது பிரதோஷத்தன்று போனால் நிற்க இடம் இருக்காது. அப்படியென்றால் ‘சாமி இல்லாத கோயில்’ என்கிற பேச்சு 1981-க்கு முன்னாலேயே பிறந்திருக்க வேண்டும், சாமி வந்து பூஜை நடக்கிற இடத்தைப் பார்த்து யாரும் புதிதாக அப்படிக் கட்டிச் சொல்ல மாட்டார்கள். பாலாற்றை வைத்து இப்படிக் கணக்குப் போட முடியாது, ஏனென்றால் அது வறண்டும் கிடக்கும், 2021 நவம்பரில் வந்த மாதிரி கரைபுரண்டும் வரும். கோயிலை வைத்துப் போடலாம்.

ஒரு சொல்லின் ஊர், வயது, பெற்றவர் யார் என்று தேடிப் போகிற வேலை இவ்வளவு எளிமையாகத்தான் தொடங்குகிறது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நான் இருபது வருஷமாக வேலூரில் டிடிபி கடை வைத்திருக்கிறேன், கல்யாணப் பத்திரிகை, பள்ளி ஆண்டுவிழா மலர், தினசரிக் காலண்டர், இப்போது ஃப்ளெக்ஸ். ஒரு நாளைக்கு நாலு பொன்மொழியாவது என் கையால் டைப் ஆகும். எல்லாமே வரியும் பெயருமாகத்தான் வரும், எங்கே சொன்னார், எப்போது சொன்னார் என்பது மட்டும் வரவே வராது. அந்த மூன்றாவது விஷயம்தான் முக்கியம். எந்தப் புத்தகம், எந்த வருஷம், எந்தப் பக்கம். அது இல்லாத வரை கீழே இருக்கும் பெயர் யாரோ ஒட்டிய லேபிள்தான்.

எனக்கு இதில் அக்கறை வந்ததே ஒரு பள்ளியால். ஆசிரியர் தினத்துக்குப் பெரிய போர்டு கேட்டார்கள், ‘எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்’, கீழே திருவள்ளுவர். அப்படியே அடித்துக் கொடுத்தேன். காகிதம் வாங்க வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ‘தம்பி, இதுல எத்தனை சீர் இருக்கு, எண்ணுங்க’ என்றார். எழுத்தறி, வித்தவன், இறைவன், ஆகும். நாலு. குறளுக்கு முதல் அடியில் நாலு, இரண்டாவது அடியில் மூன்று, ஆக ஏழு சீர் இருக்க வேண்டும். 1330 குறளுக்கும் இதே அளவுதான். ‘அப்ப இது யாருதுங்க ஐயா’ என்றேன். வெற்றி வேற்கை என்றார். 16-ஆம் நூற்றாண்டில் தென்காசியில் இருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் எழுதியது, நறுந்தொகை என்றும் அந்த நூலுக்குப் பெயர். ‘கற்கை நன்றே கற்கை நன்றே பிச்சை புகினும் கற்கை நன்றே’ என்பதும் அதே நூல்தான், ஆனால் நான் அடித்த காலண்டர்களில் அது ஔவையார் பெயரில் போயிருக்கிறது. அன்று ராத்திரி எனக்கு ரொம்ப சங்கடமாக இருந்தது. ஒரு மனிதன் நானூறு வருஷத்துக்கு முன்னால் யோசித்து எழுதிய வரியை என் கையாலேயே இன்னொருத்தருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, குறளா இல்லையா என்று பார்க்க இந்தச் சீர்க் கணக்கு ஒரு நிமிஷ வேலை, இன்றைக்கே பழகிக்கொள்ளுங்கள். ஆனால் இதில் தப்பித்துப் போகிற ஒரு வகை இருக்கிறது. உரைநடையில் ஒரு நல்ல வாக்கியம் வரும், கீழே திருவள்ளுவர் என்று இருக்கும், தேடிப் போனால் அது குறளின் பொருளாக உரைகாரர் எழுதிய வாக்கியமாக இருக்கும். பெரும்பாலும் மு.வ. (மு. வரதராசனார்) உரை. அவர் நம்ம வடஆற்காட்டுக்காரர், 1912-ல் பிறந்தவர், வாலாஜாபேட்டை பக்கத்து வேலம்தான் குடும்பத்து ஊர். அந்தத் தெளிவுரை தமிழ்நாட்டில் நுழையாத வீடு குறைவு. கருத்து வள்ளுவருடையது, வாக்கியம் மு.வ.வுடையது. இரண்டும் ஒன்றில்லை.

இதே கதை பிரான்சிலும் நடந்திருக்கிறது. ‘நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்ல உனக்குள்ள உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்று வால்டேர் சொன்னதாக நம் மேடைகளில் எத்தனை முறை கேட்டிருப்போம். வால்டேர் இறந்தது 1778-ல். அந்த வாக்கியம் முதலில் வருவது 1906-ல், ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலேயப் பெண்மணி டாலன்டைர் என்ற புனைபெயரில் வால்டேரின் நண்பர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில். ஒரு புத்தகம் எரிக்கப்பட்டபோது வால்டேரின் மனநிலை இப்படித்தான் இருந்தது என்று விளக்க அவராகவே எழுதிய வரி அது. மேற்கோள் குறி போட்டு எழுதிவிட்டார், அந்தக் குறியைப் பார்த்தவர்கள் வால்டேரே பேசியதாக எடுத்துக்கொண்டார்கள். விளக்க உரையே மூல வாக்கியம் ஆகிவிட்டது. அந்த அம்மா பெயர் நூறு பேரில் ஒருத்தருக்குக்கூடத் தெரியாது, வரியை எல்லோருக்கும் தெரியும்.

பெயர் ஏன் மாறுகிறது என்றால், பெரிய பெயர் இழுக்கும். நல்ல வரி ஒன்று அநாமதேயமாக அலைந்துகொண்டிருந்தால் அதே மாதிரி பேசுகிற பெரியவர் ஒருவரிடம் போய் ஒட்டிக்கொள்ளும். புத்தியாக இருந்தால் ஔவையார், அகிம்சையாக இருந்தால் காந்தி, இளைஞர்களுக்கு என்றால் விவேகானந்தர், இப்போது கலாம். ‘எழுமின், விழிமின்’ விவேகானந்தர் ஊரெல்லாம் முழங்கியது, ஆனால் அதன் வேர் கடோபநிஷத்தில் இருக்கிறது. ‘ஒன்றே குலம் ஒருவனே தேவன்’ என்பதை அண்ணா மேடைதோறும் சொல்லிப் பரப்பினார், வரி திருமூலருடையது, ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’ என்று திருமந்திரத்தில் வருகிறது. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பதை வள்ளுவர் பெயரில் போடச் சொல்லி வருபவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், அது புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார். ஔவையார் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பெயரில் ஒருவருக்கு மேல் இருந்திருக்கிறார்கள். அதியமானைப் பாடிய சங்ககாலத்து ஔவையும் ஆத்திசூடி எழுதிய ஔவையும் ஒருவர் இல்லை, நடுவில் பல நூற்றாண்டுகள்.

காந்தியிடம்தான் அதிகம் ஒட்டியிருக்கிறது. ‘உலகில் எந்த மாற்றத்தைக் காண விரும்புகிறாயோ அந்த மாற்றமாக நீயே இரு’ என்ற வரியை நானே நூறு முறை அடித்திருப்பேன். காந்தி எழுதியது, பேசியது எல்லாம் தொகுக்கப்பட்டு 100 தொகுதிகளாக இருக்கிறது, இணையத்தில் இலவசம், யார் வேண்டுமானாலும் தேடலாம். இந்த வாக்கியம் அதில் இல்லை. இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது 1913-ல் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் உடல்நலம் பற்றி எழுதிய தொடரில், அதுவும் பாம்புக்கடி பற்றிய கட்டுரையில். நம்மை நாம் மாற்றிக்கொண்டால் உலகத்தின் போக்கும் மாறும், ஒருவன் தன் இயல்பை மாற்றிக்கொள்ளும்போது உலகம் அவனிடம் நடந்துகொள்ளும் விதமும் மாறுகிறது, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்கிற கருத்து அங்கே வருகிறது. நாம் அடிக்கிற வாசகத்துக்குப் பக்கத்தில் வருவது 1974-ல் அச்சான ஒரு எழுத்தில், எழுதியவர் ஆர்லீன் லோரன்ஸ், நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். காந்தி போய் 26 வருஷம் ஆகிவிட்டது அப்போது.

‘முதலில் உன்னைக் கண்டுகொள்ள மாட்டார்கள், பிறகு சிரிப்பார்கள், பிறகு சண்டைக்கு வருவார்கள், பிறகு நீ ஜெயிப்பாய்’ என்பதும் காந்தி இல்லை. 1918-ல் அமெரிக்காவில் பால்டிமோரில் நடந்த தையல் தொழிலாளர் சங்க மாநாட்டில் நிக்கோலஸ் க்ளைன் என்பவர் ஏறக்குறைய இதே வரிசையில் பேசியது அச்சில் இருக்கிறது. அவர் பேச்சு முடிவது ஜெயிப்பதில் இல்லை, எரிக்கப் பார்ப்பார்கள், கடைசியில் உங்களுக்கே நினைவுச்சின்னம் எழுப்புவார்கள் என்று முடிகிறது. எனக்கு அந்த முடிவுதான் பிடித்திருக்கிறது.

இந்த உதாரணங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒரே விஷயம்: சொன்னதாகச் சொல்லப்படுபவர் வாழ்ந்த காலத்துக்கும் அந்த வரி முதலில் எழுத்தில் தென்படும் காலத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பது. சில சமயம் இடைவெளி தலைகீழாகவும் இருக்கும், அதாவது ஆள் வருவதற்கு முன்னாலேயே வரி இருக்கும். ரொட்டி இல்லையா, கேக் சாப்பிடட்டும் என்று பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத் சொன்னதாகப் படித்திருப்பீர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ரூசோ தன் சுயசரிதையில் பெயர் சொல்லாத ஒரு பெரிய இளவரசி சொன்னதாக அதை எழுதியபோது மரி அந்துவானெத் ஆஸ்திரியாவில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமி, அவர் பிரான்சுக்குக் கல்யாணமாகி வந்தது 1770-ல்.

இங்கே ஒரு எச்சரிக்கை, தமிழ் நூல்களுக்கு இந்த இடைவெளிக் கணக்கை அப்படியே போடக்கூடாது. புறநானூறு அச்சில் வந்தது 1894-ல், உ.வே.சா. பதிப்பு. அதை வைத்து 1894-க்கு முன்னால் கணியன் பூங்குன்றனார் இல்லை என்று யாராவது சொன்னால் அது அபத்தம். ஓலைச்சுவடிகள் இருந்தன, அதைவிட முக்கியமாக நச்சினார்க்கினியர் மாதிரி உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே அந்தப் பாடல்களிலிருந்து மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அச்சுக்கு முந்தின சாட்சி அது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி ‘முதலில் எப்போது அச்சானது’ என்பதோடு நிற்காது, ‘இதற்குப் பழைய சாட்சி எது’ என்று போக வேண்டும்.

யார் சொன்னால் என்ன, நல்ல கருத்தாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கடையில் எனக்கு ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ குறளையே சொல்லிக் காட்டிய வாடிக்கையாளர்களும் உண்டு. நான் அவர்களிடம் கேட்பது, அப்படியானால் பெயரை எடுத்துவிட்டு வரியை மட்டும் அடிக்கட்டுமா? ஒருத்தர்கூட ஒத்துக்கொண்டதில்லை. பெயர்தான் அந்த வரிக்கு எடை கொடுக்கிறது, அது அவர்களுக்கும் தெரியும். ஆசிரியர் தினத்துக்கு லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதிய கடிதம் என்று ஒன்று வருஷா வருஷம் வரும், லிங்கன் எழுத்துகளின் தொகுப்பில் அப்படி ஒரு கடிதமே கிடையாது. லிங்கன் பெயர் இல்லாமல் அதை ஒரு பள்ளியாவது சுவரில் மாட்டுமா?

சில சமயம் இது நல்ல கருத்து, கெட்ட கருத்து என்பதோடு முடிவதில்லை, வரலாற்றையே திரிக்கிறது. வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும், மெக்காலே 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பேசியதாக ஒரு பத்தி: இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் போனேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை, இந்த நாட்டின் முதுகெலும்பை உடைக்க அவர்கள் கல்வியை மாற்ற வேண்டும் என்று போகும். அந்தத் தேதியில் மெக்காலே கல்கத்தாவில் இருந்தார். இந்தியாவுக்கு வந்தே எட்டு மாதம் ஆகவில்லை. 1834 ஜூனில் மெட்ராஸில் இறங்கி, பெங்களூர், மைசூர் வழியாக ஆட்கள் தோளில் சுமக்கப் பல்லக்கில் ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரலைப் பார்த்துவிட்டு, அப்புறம் கல்கத்தா போனவர். லண்டனுக்குக் கப்பலில் மாதக்கணக்கில் ஆகிற காலம் அது. ஆனால் தேதி சும்மா வந்ததில்லை, அதே 1835 பிப்ரவரி 2 தேதியிட்டுத்தான் கல்வி பற்றிய அவருடைய உண்மையான குறிப்பு இருக்கிறது. இந்தியா, அரேபியா இரண்டின் மொத்த இலக்கியமும் ஒரு நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு அலமாரித் தட்டுக்கு ஈடாகாது என்று அதில் எழுதியிருக்கிறார். கோபப்பட அது போதும். பொய்ப் பேச்சைப் பரப்பினால் நாளைக்கு எதிராளி அதைப் பொய் என்று காட்டி, உண்மையாக எழுதியதையும் சேர்த்துத் தள்ளிவிடுவான்.

நம் பழமொழிகளுக்கு வேறொரு நோய். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பதன் சரியான வடிவம் ‘ஆயிரம் வேரைக் கொண்டவன்’ என்றும், காலப்போக்கில் மருவிவிட்டது என்றும் விளக்கம் சுற்றுகிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. பீட்டர் பெர்சிவல் 1874-ல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார், அதில் கொன்றவன் என்றேதான் இருக்கிறது. ஹெர்மன் ஜென்சன் 1897-ல் இன்னொரு பெரிய தொகுப்பு போட்டார். ‘மருவிவிட்டது’ என்று யார் சொன்னாலும் இந்த இரண்டு புத்தகத்தையும் முதலில் பாருங்கள். பழமொழி என்பது ஊர்ச் சனம் வைத்தியரைக் கேலி செய்வதாகவும் இருக்கலாம், எல்லாப் பழமொழியும் நமக்கு நல்ல புத்தி சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

தேடுவது எப்படி என்றால், தமிழ் நூல்களுக்கு மதுரைத் திட்டம் என்கிற இணையத் தொகுப்பும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் போதும், பெர்சிவல் மாதிரிப் பழைய புத்தகங்கள் ஸ்கேன் வடிவில் கிடைக்கின்றன. புதிதாகத் தேடுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் சந்தி. நாம் எழுதுகிற மாதிரி பழைய பதிப்பில் இருக்காது, ‘எழுத்தறி வித்தவ னிறைவ னாகும்’ என்று சீர் பிரித்து இருக்கும், முழு வரியைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது, உடனே அப்படி ஒரு வரியே இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். அதனால் வரியிலிருந்து ஒரே ஒரு துண்டை, ‘எழுத்தறி’ என்பது மாதிரி, போட்டுத் தேடுங்கள். ஆங்கில மேற்கோளுக்குப் புத்தகத் தேடலில் வருஷத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள், 1990-க்கு முன், 1970-க்கு முன் என்று. வருகிற பக்கத்தின் வருஷத்தை உள்ளே போய்ச் சரிபார்க்க வேண்டும், பத்திரிகைத் தொகுப்புகளில் முதல் இதழின் வருஷத்தையே எல்லாவற்றுக்கும் போட்டுவைத்திருப்பார்கள். மேற்கோள் திரட்டுப் புத்தகங்களையும் படங்களையும் சாட்சியாக எடுக்காதீர்கள், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை அவை, ஐம்பது இடத்தில் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன், நம்ம ஆற்காட்டிலேயே இருக்கிறது. 1751-ல் கம்பெனிப் படையோடு வந்த ராபர்ட் கிளைவ் ஆற்காடு கோட்டைக்குள் ஐம்பது நாள் முற்றுகையில் மாட்டியிருந்தபோது, நம் சிப்பாய்கள் வந்து, ‘சோறு வெள்ளைக்காரர்களுக்கு இருக்கட்டும், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்’ என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. இதை ஊரெல்லாம் பரப்பியது மேலே பார்த்த அதே மெக்காலே, 1840-ல் கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரையில். அந்தக் கட்டுரை ஜான் மால்கம் எழுதி 1836-ல் வெளிவந்த கிளைவ் வாழ்க்கை வரலாற்றுக்கு மதிப்புரை, கஞ்சிக் கதையும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. மால்கமும் அதை நேரில் பார்த்தவர் இல்லை. மால்கம் பிறந்தது 1769-ல், முற்றுகை முடிந்து 18 வருஷம் கழித்து. சோற்றைத் தந்துவிட்டுக் கஞ்சி குடிக்கிற விசுவாசமான சிப்பாய் என்ற படம் அந்தக் காலத்துக் கம்பெனிக்காரர் ஒருவருக்கு எவ்வளவு வேண்டியதாக இருந்திருக்கும் என்பதையும், 1806-ல் இதே பாலாற்றங்கரையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். அடுத்த முறை ஆற்காடு டெல்லி கேட் பக்கம் போகும்போது கூட வருபவர் யாராவது அந்தக் கதையைத் தொடங்கினால், 1751, 1769, 1836, 1840 என்று நாலு வருஷத்தையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, அந்தச் சிப்பாய் பேசியதைக் காதால் கேட்டவர் இதில் யார் என்று அவரிடமே கேளுங்கள்.